நடுப்பொட்டி

76 வயதில் என் அப்பா தன் வாழ்நாளின் முதல் ராக் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். கேட்ட இடம் புனேயில் கோத்ருட் பக்கம், ஒரு வாடகை ஃப்ளாட்டின் ஹால். ஆறு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலி இருக்கும். அதில் அப்பாவை உட்கார வைத்தோம், மூத்தவர் என்கிற மரியாதைக்காக. அந்த நாற்காலியை விட்டுக்கொடுத்தபோது வீட்டுக்காரர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

வீட்டுக்காரர் ஆபீஸில் எங்கள் பக்கத்து டீமில் ஆணி பிடுங்குபவர், மராட்டிக்காரர். மனுஷன் சம்பாதிப்பதில் பாதி ஸ்பீக்கருக்குப் போகிறது. முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு, மூலையில் 'தும் தும்' என்று அடிவயிற்றில் இடிக்கிற சப்வூஃபர் ஒன்று. இதுதான் 5.1. முன்னால் இருக்கும் இடது, வலது பெட்டிகள் கேட்பவரின் நேர்ப்பார்வையிலிருந்து 30 டிகிரியிலும், பின்பெட்டிகள் 110 டிகிரி வாக்கிலும் இருக்கவேண்டும் என்பது கணக்கு. ஸ்கூல் பையன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துத் தரையில் கோணம் அளந்து இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறார். வேலைக்கு வரும் அம்மா அந்த டேப்பைத் தவிர மற்ற இடத்தைத்தான் துடைக்கவேண்டும் என்று உத்தரவு. டால்பி அட்மாஸுக்குத் தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் வேண்டும். சீலிங்கில் துளை போட ஹவுஸ் ஓனர் விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் கீழ்வீட்டுக்காரர்களின் பிரார்த்தனை பலித்தது.

கேட்ட ஆல்பம் ஜெத்ரோ டல் குழுவின் 'க்யூரியஸ் ரூமினன்ட்'. 2025 மார்ச்சில் வந்தது. ரூமினன்ட் என்றால் அசைபோடும் பிராணி. பழசை யோசிப்பதையும் நாம் அசைபோடுவது என்றுதானே சொல்கிறோம், இங்கிலீஷிலும் அதே கதை. குழுவின் பெயர் இன்னும் வேடிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விதைக்கும் இயந்திரம் செய்த ஒரு விவசாய ஆராய்ச்சிக்காரரின் பெயர் அது. 1968-இல் முதல் ஆல்பம். அன்றிலிருந்து இன்றுவரை மாறாமல் இருப்பவர் ஒருத்தர்தான்: இயன் ஆண்டர்சன். பாட்டும் அவர், புல்லாங்குழலும் அவர். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஊதுவார். நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்தப் போஸைத் தனியாக விளக்க வேண்டாம்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 1994, திருச்சியில் இன்ஜினியரிங் ஹாஸ்டல். கல்கத்தாவிலிருந்து வந்த சீனியர் ஒருத்தர் ஒரு கேசட் கொடுத்தார். ஏ பக்கம் 'அக்வாலங்', பி பக்கம் துண்டு துண்டாகப் பாட்டுகள். லீவுக்கு மன்னார்குடி போனபோது வீட்டு டேப்பில் போட்டேன். 'பூரே' என்று ஒன்று, பாக் லூட்டுக்கு எழுதியதை 1969-இல் இவர்கள் ஜாஸ் மாதிரி ஆக்கியது. திண்ணையில் இருந்த அப்பா எழுந்து உள்ளே வந்தார். கூட்டுறவு வங்கியில் வேலை அவருக்கு. சாயங்காலம் வந்து கை கால் கழுவியதும் புல்லாங்குழலை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். மாலி என்றால் உயிர். டி.ஆர். மகாலிங்கம் என்று முழுப்பெயர் சொன்னால் சினிமாக்காரரோடு குழப்பிக்கொள்வோம் என்று மாலி என்றே சொல்வார். ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, "யாருடா இவன், கொழலுக்குள்ள துப்புறான்?" என்றார்.

தப்பாகச் சொல்லவில்லை. ஊதும்போதே தொண்டையால் முனகுவது, முறைப்பது, எச்சில் தெறிக்க ஊதுவது எல்லாம் ஆண்டர்சன் ஸ்டைல். ரோலண்ட் கிர்க் என்ற ஜாஸ் கலைஞரிடமிருந்து பிடித்துக்கொண்டது. முதல் ஆல்பத்திலேயே கிர்க்கின் உருப்படி ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு அது கடைசி வரை ஒத்துவரவில்லை. "ஊதத் தெரியுது, அடக்கம் இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் அந்தத் தீர்ப்பு மேல்முறையீடு இல்லாமல் கிடந்தது.

இடையில் நானும் டல் கேட்பதை விட்டுவிட்டேன். காரணம் குரல். 1984-இல் 'அண்டர் ராப்ஸ்' சுற்றுப்பயணத்திலேயே ஆண்டர்சனுக்குத் தொண்டை போயிற்று. அதன்பிறகு பழைய உயரத்துக்கு அவர் திரும்பவே இல்லை. மேடையில் 1971-ஆம் வருஷத்துப் பாட்டை எட்டிப் பிடிக்கத் தவிப்பதை யூட்யூபில் நாலைந்து பார்த்ததும், போதும், கேசட்டில் இருக்கிறவரே போதும் என்று மூடிவிட்டேன். 2020-இல் ஒரு டிவி பேட்டியில் அவரே சொன்னார்: சிஓபிடி, குணமாகாத நுரையீரல் நோய். ஐம்பது வருஷம் மேடையில் விட்ட புகை இயந்திரங்கள்மேல்தான் அவருக்குக் கோபம். அதோடு மனுஷன் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். 2022-இல் ஒரு ஆல்பம், 2023-இல் ஒன்று, 2025-இல் இது. மூச்சு நன்றாக இருந்த காலத்தில்கூட இடையில் இத்தனை வருஷம் சும்மா இருந்தவர்!

சிஓபிடி என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா போனபிறகு அப்பா எங்களோடு புனேக்கு வந்தார். வந்த இரண்டாவது மழைக்காலத்தில், இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுவில் நிற்க ஆரம்பித்தார். டாக்டர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: இந்த வியாதியில் காற்று உள்ளே போவதைவிட, போனது வெளியே வருவதுதான் பெரிய பாடு. பழைய காற்று அங்கேயே தங்கிவிடுவதால் புதுசுக்கு இடம் இல்லை. அதற்கு ஒரு பயிற்சி உண்டு. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் ஊதி விடவேண்டும். உதடு குவிந்திருந்தால் உள்ளே குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாதாம்.

பிசியோதெரபி பெண் இதை இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். கூடவே அந்தப் பெண் உதட்டைக் குவித்துச் செய்தும் காட்டினாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஊதக் கத்துக் குடுக்குறாளா? அவ அப்பன் பொறக்குறதுக்கு முன்னாடியே ஊத ஆரம்பிச்சவன்னு சொல்லு அவகிட்ட."

நான் சொல்லவில்லை. அப்பா பயிற்சியும் செய்யவில்லை. தங்கமணி கெஞ்சிப் பார்த்தாள், பேத்தி மிரட்டிப் பார்த்தாள். புல்லாங்குழல் உறையோடு அலமாரியில், போர்வைகளுக்கு அடியில். நாலு வருஷம்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் நண்பருக்கு ப்ளூ-ரே டிஸ்க் கொண்டுவந்திருந்தார். சரவுண்ட் மிக்ஸ் செய்தவர் ப்ரூஸ் ஸோர்ட். 'த பைனாப்பிள் தீஃப்' என்ற குழுவை நடத்துபவர், இதற்கு முந்தைய டல் ஆல்பத்தையும் இப்படிச் செய்தவர். கூட்டத்தில் நாங்கள் ஆறு பேர். வீட்டுக்காரர், நான், தங்கமணி, 'தாதா' என்று எல்லோரும் கூப்பிடும் வங்காளி நண்பர், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒரு சின்னப் பையன், அப்புறம் அப்பா. அவரை வீட்டில் தனியாக விட முடியாதென்றுதான் கூட்டிப்போனேன், வேறு எந்தத் திட்டமும் இல்லை.

இந்த மாதிரி ஆல்பம் வந்தால் டல் ரசிகர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். எங்கள் ஹாலிலும் ஒரு கட்சிக்கு ஒருத்தர் இருந்தார். தாதா பாரே கட்சி. மார்ட்டின் பாரே 1969-இலிருந்து 2003 வரை வந்த ஒவ்வொரு டல் ஆல்பத்திலும் கிதார் வாசித்தவர், இப்போது குழுவில் இல்லை. பாரே இல்லாத டல், டல்லே இல்லை, இது ஆண்டர்சனின் தனி ஆல்பத்துக்குப் பழைய போர்டு மாட்டியது என்பது தாதாவின் வாதம். இந்த ஆல்பத்தில் கிதார் வாசிக்கும் ஜாக் க்ளார்க் புதியவர். முதல் பாட்டு முடிவதற்குள் தாதா கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். அநியாயம் என்று சொல்லமாட்டேன். 'அக்வாலங்' பதிவின்போது பாரே வாசித்துக்கொண்டிருக்கையில் பக்கத்து ஸ்டூடியோவில் இருந்த ஜிம்மி பேஜ் எட்டிப்பார்த்து உற்சாகப்படுத்தினார் என்ற கதையைக் குறைந்தது முப்பது தடவை எங்களுக்குச் சொன்னவர் தாதா. அந்தக் கிதாரை மனதில் வைத்துக்கொண்டு யார் வாசித்தாலும் குறைதான்.

வீட்டுக்காரர் சத்தக் கட்சி. பாட்டு யார் பாடினால் அவருக்கென்ன, எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். சரவுண்ட் கேட்பவர்களுக்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டு. கச்சேரி முன்னால் நடக்கட்டும், பின்பெட்டியில் மண்டபத்தின் எதிரொலி மட்டும் வரட்டும் என்பவர்கள் ஒன்று. குழுவுக்கு நடுவில் நாற்காலியைப் போடு, வாத்தியம் நாலு பக்கமும் இருக்கட்டும் என்பவர்கள் இன்னொன்று. இந்தச் சண்டைக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1974-இலேயே 'அக்வாலங்' நாலு சேனல் குவாட்ராஃபோனிக்கில் வந்தது, பிழைக்கவில்லை. 2011-இல் ஸ்டீவன் வில்சன் அதைப் புதிதாக மிக்ஸ் செய்து 5.1-இல் கொடுத்தபோதுதான், நாற்பது வருஷம் கலங்கலாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆல்பத்துக்குள் இத்தனை இருந்ததா என்று ஆனது. அது எனக்கும் உண்மை. அந்தக் கேசட்டில் பியானோ இருந்ததே எனக்குத் தெரியாது! நண்பர் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து பின்பெட்டியிடம் போய்க் குனிந்து காது கொடுத்து, ஏதோ குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குத் திருப்தி.

நான் குரல் கட்சி. நான் பயந்தது நடந்தது. ஸ்டீரியோவில் குரல் மற்றதோடு சேர்ந்து கொஞ்சம் மறைந்துகொள்ளும். இங்கே மற்ற வாத்தியங்கள் நாலு பக்கமும் விலகிப்போக, மனுஷன் முன்னால் நடுவில் தனியாக நின்றார். 77 வயதுக் குரல். பாதி பேச்சு, பாதி பாட்டு. பழைய மெருகு போய், சுருக்கச் சுருக்கமாக வரிகள். தெரிந்த ஒருத்தரை ஆஸ்பத்திரி உடையில் பார்ப்பதுபோல இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆச்சரியம் அந்தச் சின்னப் பையன். அவன் டல் கேட்டதே இல்லை. "அங்கிள் நல்லாக் கதை சொல்றார்" என்றான். குரல் எப்படி என்று கேட்டேன். "குரலுக்கு என்ன? வயசானவர் வயசானவர் மாதிரிப் பாடறார்" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கேட்டது ஒரு குரல். நானும் தாதாவும் கேட்டது இரண்டு குரல், ஒன்றின்மேல் ஒன்று. அந்தப் பழையது எந்த ஸ்பீக்கரிலும் இல்லை, நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தங்கமணிக்குப் பிடித்தது கடைசியில் வரும் 'இன்டரிம் ஸ்லீப்'. அதில் அவர் பாடவே இல்லை, பேசுகிறார். "இப்படியே முழுக்கப் பேசியிருக்கலாம்" என்றாள். அது பாராட்டா இல்லையா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை :-)

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுக்குப் பாட்டு நாற்காலிக் கையில் விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். தாளம் என்று நினைத்தேன். ஆனால் தாளத்தோடு சேரவில்லை.

எல்லாம் முடிந்து டீ வந்தபோது, "அந்த நீளப் பாட்டு இன்னொரு தரம் போடச் சொல்லு" என்றார். 'ட்ரிங்க் ஃப்ரம் த சேம் வெல்', 16 நிமிஷத்துக்கு மேல். 2007-இல் பாதியில் விட்டிருந்த கருவியிசைப் பதிவுகளிலிருந்து வளர்ந்தது. குழலுக்கு நிறைய இடம். போடச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "இதெல்லாம் வேணாம்" என்று பக்கத்துப் பெட்டிகளையும் பின்னால் இருந்ததையும் காட்டினார். "அந்த நடுப்பொட்டி மட்டும் போதும்னு சொல்லு."

மொழிபெயர்த்தேன். பாகைமானி வைத்து அளந்த மனிதரிடம் ஐந்து பெட்டியை அணைக்கச் சொல்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நல்ல மனுஷன். ஆம்பை அணைத்துவிட்டு, பின்பக்கம் போய் ஒவ்வொரு வயராகக் கழற்றினார்.

நடுப்பெட்டி மட்டும். மற்ற வாத்தியங்கள் மெலிசாகக் கசிந்தன, அவ்வளவுதான். எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. தாதாகூடக் கட்டிய கையைப் பிரித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார், இப்போது எனக்குப் பிடிபட்டது. வரி ஆரம்பிக்கும் முன்னால் ஒரு தட்டு. மூச்சு எடுக்கும் இடங்கள்.

"காத்து கம்மிதான் இவன்கிட்ட. அது அவனுக்கே தெரியுது பாரு. அது தெரிஞ்சு வரிய வெட்டி வெச்சிருக்கான். எங்கயும் மாட்டிக்கல." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "அவன் நிறுத்துற எடத்துல கொழல் வந்து எடுத்துக்குது. நாயனத்துல ரெண்டாவது ஆளு எடுத்துக்குவாரே, அந்த மாதிரி."

"ரெண்டும் அவரேதான்ப்பா. தனித்தனியாப் பதிவு பண்ணி ஒண்ணா சேர்த்துடுவாங்க."

"தெரியும்டா. ரெண்டுக்கும் ஒரே நெஞ்சுலேர்ந்துதானே காத்து வரணும்? கொழலுக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வேணும். பாதி வெளியவே போயிடும்." அப்புறம், "துப்புறத கொறச்சிட்டான்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் ஆண்டர்சனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். சிஓபிடி என்று சொன்னேன். பதில் இல்லை. கர்வே ரோடு சிக்னலில் இன்னொரு கதை சொன்னேன். இவர் யாரிடமும் முறையாகக் கற்றுக்கொள்ளாதவர். 1967-இல் கிதாரை மாற்றி ஒரு குழல் வாங்கி, தானாகவே ஊதப் பழகியவர். இருபது வருஷத்துக்கு மேல் உலகம் பூராவும் வாசித்தபிறகு, பள்ளிக்கூடத்தில் குழல் படிக்க ஆரம்பித்த மகள் மூலமாகத்தான் தான் விரல் வைக்கும் முறை பல இடத்தில் தப்பு என்று தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில், நாற்பது வயதைத் தாண்டி, மறுபடி அடியிலிருந்து படித்தார். அப்புறம்தான் ஹரிபிரசாத் சௌராசியாவோடெல்லாம் மேடை ஏறியது.

"சின்னப் புள்ள சொல்லியா?"

"ஆமாம்ப்பா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதான் 'பூரே'ல அந்த எடம் பிசிறிச்சி" என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு நிமிஷம் கேட்ட பாட்டு.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் அறையில் விளக்கு எரிந்தது. கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் குழல் இல்லை. உதடு மட்டும் குவிந்திருந்தது, குழலுக்குக் குவிவதுபோலவே கொஞ்சம் இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு. ஊதி முடிக்கும்வரை தொடையில் விரல் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். நான் விளக்குப் போடாமலே சமையலறைக்குப் போய்த் திரும்பிவிட்டேன். மறுநாள் காலையில் மாடிப்படியில் வழக்கமாக நிற்கும் இடத்தில் வழக்கம்போலவே நின்றார். ஒரு பயிற்சியில் மாறுகிற வியாதியா அது?

ஆல்பத்தை போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு தரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுல எல்லாம் சேந்து வருது. மூச்சு கேக்கல." ஆக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோத்ருட் போகிறோம். இந்த வாரமும் போகிறோம். நண்பர் பின்பெட்டிகளை இன்னும் ஐந்து டிகிரி நகர்த்தியிருக்கிறாராம், அப்பா வந்து உட்கார்ந்து கேட்டு அபிப்பிராயம் சொல்லவேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன்.

"பின்னாடிய அவரு பாத்துக்கட்டும். நடுப்பொட்டிய நகத்திடப் போறாரு, போன் பண்ணிச் சொல்லு" என்றார்.